ஏழு வருடமாக என் பயணப் பையில் இருக்கும் சாப்பாட்டு பிளாஸ்க்

போன மாதம் என் மகள் இதைப் படிக்கட்டில் தவறவிட்டாள். நான்கு படி உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. எடுத்துப் பார்த்தால் அடிப்பக்கத்து விளிம்பில் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு பள்ளம். அவள் முகம் வாடிப்போயிற்று. "அம்மா, இனிமேல் இதில் சூடு நிற்காதா?" என்று கேட்டாள். உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒரு சோதனை செய்து பார்த்தோம். அதைப் பிறகு சொல்கிறேன். அந்தச் சோதனை முடியும்வரை, ஒரு பாத்திரத்துக்காக நான் இவ்வளவு கவலைப்படுவேன் என்று எனக்கே தெரியாது.

பொருள் இதுதான்: 500 மில்லிலிட்டர் கொள்ளளவுள்ள, வாய் அகன்ற எவர்சில்வர் பிளாஸ்க். காலியாக 400 கிராமுக்குச் சற்றுக் குறைவு. உடல், திருகி மூடும் உள்மூடி, அதன்மேல் கிண்ணமாகக் கவிழும் வெளிமூடி என்று மூன்றே பாகம். வெந்நீர் பிளாஸ்க் போலக் குறுகிய கழுத்து கிடையாது. என் கை முழுதாக உள்ளே போகும். கரண்டி அடிவரை போகும். சாப்பாட்டுக்கு என்று வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த வாய்தான்.

மகளுக்கு எட்டு மாதம் ஆனபோது வாங்கினேன். ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு திட உணவு கொடுக்கத் தொடங்கியிருந்தோம். வீட்டில் என் கையால் குழைத்துக் கொடுத்தால் வாய் திறப்பாள். ஆறிப்போயிருந்தால் நாக்கால் வெளியே தள்ளிவிடுவாள். அப்படிப்பட்டவளை அழைத்துக்கொண்டு எட்டு மணி நேர ரயில் பயணம். அட்டைப் பெட்டியில் "சூடு 6 மணி நேரம்" என்று போட்டிருந்தது. அதை நம்பினேன்.

முதல் பயணத்தில் தோற்றேன். காலையில் அரிசியும் பருப்பும் குழைய வேகவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, கொஞ்ச நேரம் ஆறவிட்டுப் பாதி பிளாஸ்க் அளவுக்கு ஊற்றி மூடினேன். குழந்தைக்கு அவ்வளவு போதுமே என்ற எண்ணம். ஐந்து மணி நேரம் கழித்துத் திறந்தபோது ஆவி வரவில்லை. விரலை வைத்தேன், வெதுவெதுப்புதான். ஒருவாய்கூடக் கொடுக்காமல் அத்தனையையும் கொட்டினேன். தாய்ப்பால் இருந்ததால் அவள் பசியாறினாள். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. ஊர் திரும்பியதும் பிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றே நினைத்தேன்.

என் கணவர்தான், "மூன்று நாள் வீட்டிலேயே வைத்துப் பார்ப்போம்" என்றார். இறைச்சி வெந்ததா என்று பார்க்க வைத்திருந்த வெப்பமானி ஒன்று எங்களிடம் இருந்தது. மூன்று நாளும் ஒரே கஞ்சி. நன்றாகக் கொதிக்கும்போதே ஊற்றினோம். முதல் நாள் பிளாஸ்க்கை ஒன்றும் செய்யாமல் கழுத்துவரை நிரப்பி மூடினோம். ஆறு மணி நேரம் கழித்து 64 டிகிரி. இரண்டாம் நாள் முதலில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து, அதைக் கொட்டிய கையோடு கஞ்சியை நிரப்பினோம். 71 டிகிரி. மூன்றாம் நாள் அதே போல வெந்நீர் ஊற்றிச் சூடாக்கினோம். ஆனால் கஞ்சி பாதிதான். 58 டிகிரி.

58க்கும் 71க்கும் உள்ள இடைவெளி நாக்குக்கு மட்டும் உரிய விஷயமில்லை. சமைத்த உணவு பரிமாறும்வரை 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது என்பதும் அதன் கணக்குதான். அரிசிக்கு இது இன்னும் முக்கியம். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு வெந்த பிறகும் உயிரோடு இருக்கும். சோறு வெதுவெதுப்பாகவே நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். அவை விடுகிற நஞ்சில் ஒருவகை, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. அன்று ரயிலில் கொட்டியது சரிதான் என்று தெரிந்தபோதுதான் எனக்கு மனம் லேசானது. பிளாஸ்க்கின் மேல் இருந்த கோபமும் அன்றோடு போயிற்று. அது தன் வேலையைச் செய்திருக்கிறது. நான் கொடுத்த சூடுதான் குறைவு.

இதன் உள்ளே இருப்பது இரண்டு சுவர்களும் நடுவில் காற்றெடுத்த வெற்றிடமும்தான். நடுவில் ஒன்றும் இல்லாததால் சூடு கடந்து போக வழியில்லை. கதிராக வெளியேறப் பார்ப்பதைப் பளபளப்பான சுவர் திருப்பி அனுப்புகிறது. மிச்சமிருக்கும் வழி வாயும் மூடியும்தான். வாய் அகலமாக அகலமாக அந்த இழப்பும் கூடும். அதனால்தான் சாப்பாட்டு பிளாஸ்க் ஒருபோதும் வெந்நீர் பிளாஸ்க் அளவுக்குச் சூடு நிறுத்தாது. பாதி நிரப்பினால் உணவில் இருக்கும் சூடே குறைவு; இழப்பு அவ்வளவாகக் குறையாததால் சீக்கிரம் ஆறிவிடும். இந்த வெற்றிடக் குடுவையை 1892ஆம் ஆண்டு லண்டனில் செய்தவர் ஜேம்ஸ் டியூவர் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி. திரவமாக்கிய வாயுக்களைக் குளிர்ச்சி குறையாமல் காப்பது அவர் நோக்கம். அதைத் தேநீருக்கும் சூப்புக்கும் ஆன வீட்டுப் பொருளாக மாற்றி விற்றவர்கள் ஜெர்மானியக் கண்ணாடித் தொழில் வல்லுநர்கள். தெர்மோஸ் என்ற பெயர் 1904இல் வந்தது. கடுங்குளிருக்காகப் பிறந்த ஒன்று என் மகளின் கஞ்சிக்குச் சூடு காத்துக் கொடுத்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த முகம் தெரியாத மனிதர்மேல் நன்றி சுரக்கும்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பயண நாள் காலை ஒரு வரிசைக்குப் பழகிவிட்டது. கெட்டிலில் தண்ணீர் கொதித்ததும் முதல் ஊற்று பிளாஸ்க்குக்கு. பத்து நிமிடம் மூடியோடு நிற்கும். அதற்குள் அடுப்பில் இருப்பது மறுபடி ஒரு கொதி வந்துவிடும். கொட்டுவது, நிரப்புவது, மூடுவது மூன்றும் ஒரே மூச்சில். கழுத்துக்குக் கீழே ஒரு விரல் இடம். அதற்குமேல் நிரப்பினால் மூடி திருகும்போது பிதுங்கி வழியும். மகளுக்கு மூன்று வயதானதும் அந்தப் பத்து நிமிடத்தைக் கணக்கு வைக்கும் பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாள். மணி பார்க்கத் தெரியாத வயது. மேசையின் ஓரத்தில் முகவாயை வைத்துக்கொண்டு பிளாஸ்க்கையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த விடிகாலை அடுப்படியும், ஈரத்தலையோடு அவள் அப்படி உட்கார்ந்திருப்பதும், பயணம் போகும் இடத்தைவிட எனக்குப் பிடித்துப்போயின.

எது இதில் நன்றாகப் பயணம் செய்யும் என்று கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. குழைந்தவை எல்லாம் நன்றாக இருக்கும்: பருப்போடு வெந்த சோறு, கெட்டியான சூப், மசித்த உருளைக்கிழங்கு, கேரட்டும் பட்டாணியும் போட்ட கூட்டு, சாறு நிறைய விட்ட கோழி. சில மணி நேரம் அந்தச் சூட்டிலேயே கிடப்பதால் இன்னும் சற்று இறுகும் என்பதை மனத்தில் வைத்து வழக்கத்தைவிடத் தளர்வாக இறக்க வேண்டும். நூடுல்ஸ், பாஸ்தா வகை வேண்டாம். சாற்றையெல்லாம் உறிஞ்சி உப்பிக் களியாகிவிடும். வேண்டுமென்றால் கொதிக்கும் சூப்பை மட்டும் பிளாஸ்க்கில் எடுத்துப் போய், வேகவைத்த நூடுல்ஸைத் தனி டப்பாவில் குளிர்ப்பையில் வைத்துக்கொண்டு சாப்பிடும்போது கலந்துகொள்ளலாம். பொரித்தது எதுவும் இதற்குள் மொறுமொறுப்பாக இருக்காது. கீரை நிறம் மங்கிவிடும். பூண்டு மூடிய பாத்திரத்துக்குள் ஊறி ஊறித் திறக்கும்போது ரயில் பெட்டி முழுக்க மணக்கும். நாங்கள் பூண்டுப் பிரியர்கள் என்பதால் எங்களுக்குக் குறையில்லை, எதிரில் இருப்பவர்களுக்காகக் குறைத்துக்கொண்டேன்.

பால் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். குழந்தைக்குக் கலக்கிய பால்பவுடர் பாலை இதில் ஊற்றிச் சூடாகக் கொண்டுபோவது பெரிய தவறு. வெதுவெதுப்பான பால்தான் கிருமிக்கு மிகவும் பிடித்த இடம். தண்ணீரைக் கொதிக்கவைத்து பிளாஸ்க்கில் எடுத்துக்கொண்டு, பவுடரைத் தனியாக வைத்திருந்து, வேண்டும்போது கலக்க வேண்டும். கலக்கும் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்றும், கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கலந்ததும் ஆறவைத்துக் கொடுப்பதை மறக்கக் கூடாது. முதல் முறை தாயாகும் என் தோழிகள் யார் இந்த பிளாஸ்க்கைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான், விலையோ நிறமோ அல்ல.

விமான நிலையத்தில் ஒரு முறை திறந்து காட்டச் சொன்னார்கள். பல விமான நிலையங்களில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி இருந்தாலும் குழந்தை உணவுக்கு விலக்கு உண்டு. சில நாடுகளில் குழந்தை கூடவே இருக்க வேண்டும்; கேட்டால் திறந்து காட்ட வேண்டும். பையின் மேல்பக்கமாக வைத்துக்கொண்டால் வேலை சுலபம்.

இனி மலை. அவளுக்கு அப்போது நான்கு வயது. ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் ஒரு பார்வை முனை. அடிவாரத்தில் விடியற்காலையில் நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். மேலே போய்ச் சேர்ந்தபோது மூடுபனி. எதிரில் இருக்கும் மரம் தெரியவில்லை. பார்க்க வந்த காட்சி ஒன்றும் இல்லை. ஈரமான ஒரு கல் பெஞ்சில் துணியை விரித்து உட்கார்ந்தோம். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு பிளாஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்தாள். வெளியே சில்லென்று இருந்தது. "ஆறிப்போயிற்று அம்மா" என்றாள், ஏமாற்றத்தோடு. மூடியை அரைச் சுற்றுதான் திருகினேன். புஸ்ஸென்று ஒரு மூச்சு. அடுத்த அரைச் சுற்றில் ஆவி எழுந்து என் மூக்குக்கண்ணாடி முழுக்கப் படர்ந்தது. எனக்கு எதுவும் தெரியவில்லை; அவள் சிரிப்பது மட்டும் கேட்டது. வெளிமூடியில் இரண்டு கரண்டி போட்டுக் கொடுத்தேன். பட்டாணியை ஒவ்வொன்றாக எடுத்து ஊதினாள். அவள் ஊதிய மூச்சும் சோற்றின் ஆவியும் மூடுபனியும் கலந்து எது எதுவென்று பிரிக்க முடியவில்லை. "நாம் பனியைச் சாப்பிடுகிறோம்" என்றாள். இன்றுவரை அந்த மலையைப் பற்றி யார் கேட்டாலும் அவள் சொல்வது அந்தப் பட்டாணிச் சோற்றைத்தான்.

இறங்கி வந்த பிறகு ஒரு சிக்கல். மேலே மிச்சத்தை வைத்து மூடிய பிளாஸ்க், அடிவாரத்தில் திறக்கவே மறுத்தது. என் கணவர் துண்டைச் சுற்றித் திருகினார்; அசையவில்லை. பழுதாகிவிட்டது என்று நினைத்தோம். காரணம் எளிது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழக் கால் பங்கு குறைவு. அந்த மெல்லிய காற்றை உள்ளே வைத்து மூடிக் கீழே கொண்டுவந்தால், வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே இருந்த உணவு ஆறி ஆவி சுருங்கியதும் அதோடு சேர்ந்துகொண்டது. மூடிப் பகுதியை மட்டும் சில நிமிடம் வெந்நீரில் கவிழ்த்து வைத்ததும் இளகிக் கொடுத்தது. இப்போது வரும் சில வகைகளில் மூடியின் நடுவில் காற்று விடும் சின்னப் பொத்தான் இருக்கிறது. எங்களுடையதில் இல்லை, அது ஒரு குறைதான். மலைக்கு அடிக்கடி போகிறவர்கள் பொத்தான் உள்ளதையே வாங்குங்கள். மேலே தங்கி அங்கே தண்ணீர் கொதிக்கவைத்து நிரப்புகிறவர்களுக்கு இன்னொரு செய்தி: அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தொடக்கமே ஏழு டிகிரி குறைவு; அதற்கேற்ப நேரத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கடற்கரைப் பயணங்களில் இதன் இன்னொரு குணம் தெரிந்தது. இது சமைக்கவும் செய்கிறது. சூடாக்கிய பிளாஸ்க்கில் ஓட்ஸைப் போட்டுக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடிவிட்டு நடந்து போனால், சூரியன் எழுந்து அவள் மணலில் இரண்டு குழி தோண்டி முடிப்பதற்குள் கஞ்சி பதமாக இருக்கும். அடுப்பு இல்லை, அடிப்பிடிப்பது இல்லை. வாழைப்பழத்தை அதன்மேல் நறுக்கிப் போட்டுக் கொடுப்பேன். மணல் ஒட்டிய கையோடு அவள் கிண்ணத்தை வாங்கும் அந்தக் காலை நேரத்துக்கு ஈடாக நான் எந்த ஓட்டல் சிற்றுண்டியையும் சொல்ல மாட்டேன்.

குறைகள் சொல்ல வேண்டும். மூடியின் உள்ளே, கசியாமல் அடைக்கும் வளையமாக இருக்கும் சிலிக்கோன் கேஸ்கட்தான் இதன் பலவீனம். தக்காளி வாசனையை ஒரு முறை பிடித்துக்கொண்டால் அடுத்த நாள் ஓட்ஸிலும் அது தெரியும். ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவ வேண்டும். கழற்றாமல் கழுவினால் அதன் மடிப்பில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். இரண்டாம் வருடம் அப்படிப் பிடித்து, நான் அதைத் தூக்கி எறிந்தேன். மாற்று கேஸ்கட் கிடைக்க மூன்று மாதம் அலைந்தோம். அந்த மூன்று மாதமும் ஒரு நல்ல பிளாஸ்க் அலமாரியில் சும்மா நின்றது. எனவே வாங்கும் அன்றே ஒரு கேஸ்கட் கூடுதலாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் வேறு வகையைப் பாருங்கள். வெளிமூடிக் கிண்ணம் ஆழம் போதாது, ஒற்றைச் சுவர் என்பதால் சூடான சூப்பை ஊற்றினால் குழந்தையால் பிடிக்க முடியாது. நாங்கள் ஒரு சின்ன மரக் கிண்ணத்தைத் தனியாக எடுத்துப் போகிறோம்.

கழுவுவதற்கு நீளக் கைப்பிடியுள்ள மென்மையான பிரஷ் போதும். கம்பி நார் வேண்டாம். வாடை போகாவிட்டால் வெந்நீரில் ஒரு கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து, மூடியைத் திருகாமல் இரவு முழுக்க விட்டால் போய்விடும். பிளீச்சிங் திரவம் எவர்சில்வரை அரிக்கும்; அதைத் தொடவே கூடாது. காய்ந்த பிறகும் மூடாமல் திறந்தே வைப்பேன்.

இனி அந்தப் பள்ளம். விழுந்த அன்று மாலை அவளும் நானும் அடுப்படி மேடையில் பிளாஸ்க்கை வைத்துக் கொதிக்கும் தண்ணீரை நிரப்பி மூடினோம். வெற்றிடம் போயிருந்தால் சில நிமிடங்களிலேயே வெளிச்சுவர் சுடத் தொடங்கும். வேறு சோதனை தேவையில்லை. அவள் பள்ளத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினாள். இப்போது அவளுக்கு மணி பார்க்கத் தெரியும், ஆனாலும் எண்ணினாள். முந்நூறு வந்ததும் விரலை எடுத்து என் கையைப் பிடித்து அங்கே வைத்தாள். சில்லென்றே இருந்தது. ஆறு மணி நேரம் கழித்து வெப்பமானியை விட்டுப் பார்த்தோம். 70.

எட்டு வயதுப் பெண்ணின் பசிக்கு 500 மில்லி இப்போது போதவில்லை. 700 மில்லியில் இதே வகையில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், காற்றுப் பொத்தானோடும் கூடுதல் கேஸ்கட்டோடும். பழையது அவளுக்கு வேண்டுமாம். பள்ளிச் சுற்றுலாவுக்கு அதைத்தான் எடுத்துப் போவேன் என்கிறாள். பள்ளம் இருக்கும் பக்கத்தில் தன் பெயரை எழுதி ஒட்டியும் வைத்துவிட்டாள்.